மேல் கடைவாயில் எலும்பு போதாதா? சைனஸ் லிஃப்ட் தேவையா என்பதற்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: அம்மாவுக்கு 58 வயது, மதுரை. மேல் தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம் என்று போனால், எலும்பு போதாது, சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத் தூள் வைக்க வேண்டும், ஆறேழு மாதம் கழித்துத்தான் இம்ப்ளாண்ட் என்கிறார் ஒரு டாக்டர். அதெல்லாம் தேவையில்லை, சின்ன இம்ப்ளாண்டே போதும் என்கிறார் இன்னொருவர். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சுத்த சைவம் என்பதால் அந்த எலும்பு எங்கிருந்து வருகிறது என்றும் கவலைப்படுகிறார். என்ன செய்வது?

பல் மற்றும் தாடை அறுவை சிகிச்சைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இரண்டு டாக்டர்களில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருவர் சொல்வதும் நியாயமாக இருக்கக்கூடிய இடம் இது. எது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு எண் தீர்மானிக்கும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பின் விளிம்புக்கும் சைனஸின் தரைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். உங்கள் கேள்வியில் அது இல்லை. அதைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

எலும்பு ஏன் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும். கன்னத்துக்கு உள்ளே, மூக்கின் இரு பக்கமும் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. மேல் தாடைச் சைனஸ் என்பது அதுதான். பெரியவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 முதல் 15 மில்லிலிட்டர் கொள்ளும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இந்த அறையின் தரைக்கு நேர் கீழே நிற்கின்றன. சிலருக்கு வேர் நுனிக்கும் சைனஸுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பல்லைத் தாங்கும் எலும்பு, பல் இருக்கும்வரைதான் நிற்கும். பல்லை எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போய்விடும். கீழிருந்து இப்படி எலும்பு தேய, மேலிருந்து சைனஸ் மெல்ல இறங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும். போதாக்குறைக்கு, மேல் தாடையின் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே மென்மையானது. வெளி ஓடு மெல்லிசாகவும் உள்ளே பஞ்சுத்தன்மையாகவும் இருக்கும். கீழ்த் தாடையின் முன்பகுதியில் திருகு இறுகுவதுபோல இங்கே இறுகாது.

டைட்டானியம் எலும்போடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்று கண்டறிந்து, 1965-இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு இம்ப்ளாண்ட் வைத்தவர் பிராநேமார்க். எலும்பு இல்லாத மேல் கடைவாயில் அதை எப்படி நிறுத்துவது என்பது பின்னால் வந்த கேள்வி. 1970-களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஹில்ட் டேட்டம், சைனஸின் உள்தோலைக் கிழிக்காமல் மேலே தள்ளிவிட்டு, கீழே கிடைக்கும் இடத்தில் எலும்பை நிரப்பும் முறையைச் செய்து காட்டினார். சைனஸ் லிஃப்ட் என்பது இதுதான். 1980-இல் பாய்னும் ஜேம்ஸும் இதை முதன்முதலாகக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் செய்து பார்த்த சிகிச்சை இது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். எட்டு முதல் பத்து மி.மீ. வரை எலும்பு இருந்தால் சாதாரணமாகவே இம்ப்ளாண்ட் வைக்கலாம், சைனஸைத் தொடவே வேண்டியதில்லை. ஐந்தாறு முதல் எட்டு வரை இருந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆறு மி.மீ. போன்ற குட்டை இம்ப்ளாண்ட். இன்னொன்று, இம்ப்ளாண்டுக்காகப் போடும் துளை வழியாகவே சைனஸ் தரையை ஓரிரு மில்லிமீட்டர் மேலே தட்டி உயர்த்தி, அதே நாளில் இம்ப்ளாண்டையும் வைப்பது. இந்தச் சிறிய லிஃப்ட் முறையை சம்மர்ஸ் 1994-இல் விவரித்தார். நான்கு ஐந்து மி.மீ. என்றால் சைனஸின் பக்கச் சுவரில் ஜன்னல்போலத் திறந்து எலும்பு நிரப்ப வேண்டியிருக்கலாம், ஆனால் பிடிமானம் கிடைத்தால் இம்ப்ளாண்டை அன்றே வைக்க முடியும். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் முதலில் எலும்பு, மாதக்கணக்கில் காத்திருப்பு, அதற்கு அப்புறம்தான் இம்ப்ளாண்ட். இந்த எல்லைகள் டாக்டருக்கு டாக்டர் ஒரு மி.மீ. முன்பின் மாறும். அதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குட்டை இம்ப்ளாண்ட் என்பது குறுக்கு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான்கு முதல் ஒன்பது மி.மீ. வரை எலும்பு மிஞ்சியிருப்பவர்களில் சைனஸ் லிஃப்ட் செய்து நீள இம்ப்ளாண்ட் வைப்பதையும், ஒன்றும் செய்யாமல் குட்டை இம்ப்ளாண்ட் வைப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. முன்னதுதான் மேல் என்று சொல்ல அதில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் அம்மாவுக்கு ஆறு மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இருந்து, அகலமும் போதுமானதாக இருந்தால், 58 வயதில் சர்க்கரையும் இருக்கும் ஒருவருக்கு நான் குட்டை இம்ப்ளாண்டைத்தான் முதலில் யோசிப்பேன். ஒரு அறுவை சிகிச்சை குறைகிறது, ஆறு மாதம் மிச்சமாகிறது.

ஆனால் ஸ்கேனில் இரண்டு மூன்று மி.மீ.தான் இருக்கிறது, அப்படியும் அன்றைக்கே வைத்து அன்றைக்கே பல் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், எந்த எலும்பைப் பிடித்து இம்ப்ளாண்ட் நிற்கும் என்று நேராகக் கேளுங்கள். கன்ன எலும்புவரை நீளும் ஸைகோமா இம்ப்ளாண்ட் என்று ஒரு வகை உண்டு. மேல் தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு, எலும்பும் மிகவும் கரைந்துபோன நிலையில் அது நல்ல வழி. இரண்டு பல்லுக்காக அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடிமானம் இல்லாமல் வைத்த இம்ப்ளாண்ட் சைனஸுக்குள்ளேயே போய் விழுவதும் உண்டு. அதை வெளியே எடுக்கத் தனியாக ஓர் அறுவை சிகிச்சை வேண்டும்.

இந்த எண்ணை ஓபிஜி எக்ஸ்ரேயில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓபிஜி என்பது இரு தாடையையும் ஒன்றாகக் காட்டும் தட்டையான படம். அளவைப் பெரிதாக்கிக் காட்டும், அகலத்தைக் காட்டவே காட்டாது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். அதில் எலும்பின் உயரம், அகலம் மட்டுமல்ல, சைனஸின் உள்தோல் வீங்கியிருக்கிறதா, உள்ளே நீர்க்கட்டி இருக்கிறதா, சளி வடியும் வாய் திறந்திருக்கிறதா, வெளிச் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய் எந்த உயரத்தில் போகிறது என்பதெல்லாம் தெரியும். நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத சைனஸ்களில் தரையிலிருந்து எலும்புத் தடுப்புகள் எழும்பி நிற்கும். இருப்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் உள்தோல் கிழியும் இடம் அதுதான். டாக்டரிடம் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் காட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்.

இனி, ஜன்னல் வழிச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பயம் பெரும்பாலும் அங்கேதான். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்க வேண்டியதில்லை. பல் எடுக்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். ஈறைக் கன்னப் பக்கமாக விலக்கினால் சைனஸின் வெளிச் சுவர் தெரியும். அதில் சின்னதாக ஒரு முட்டை வடிவ ஜன்னல் போட எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்போம். எலும்பு மெலிய மெலிய அதன் வெண்மை மறைந்து, உள்ளிருந்து ஒரு நீலச் சாயல் எட்டிப் பார்க்கும். உள்தோல் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், கை தானாக நிதானப்படும். அவித்த முட்டையின் ஓட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அந்த மாதிரித்தான் அது. பெரும்பாலும் ஒரு மி.மீ. தடிமன்கூட இருக்காது. ஜன்னல் திறந்ததும், நோயாளி மூச்சு விட விட அந்தத் தோல் மெல்ல ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அது அசைந்தால் கிழியவில்லை என்று நமக்கு நிம்மதி.

அப்புறம் வளைந்த மழுங்கல் கருவிகளால் அந்தத் தோலைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பிரித்து மேலே தூக்குவோம். தோலுக்கும் பழைய தரைக்கும் நடுவே உண்டாகும் இடத்தில் எலும்புத் துகள்களை நிரப்புவோம். பெரும்பாலும் கால் மி.மீ. முதல் இரண்டு மி.மீ. வரை அளவுள்ள துகள்கள் அவை. உப்பு நீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, இறுக்கி அடைக்காமல் தளர்வாக வைக்க வேண்டும். இடைவெளி இருந்தால்தான் ரத்தக்குழாய் உள்ளே வளர முடியும். ஜன்னல் மேல் ஒரு சவ்வு வைத்து, ஈறைத் தைத்து மூடினால் முடிந்தது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். நோயாளிக்கு அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே கையைத் தூக்கச் சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள்.

அம்மாவின் சைவக் கேள்வி முக்கியமானது. பல இடங்களில் அதை நோயாளியிடம் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். எலும்பு நான்கு வகையில் கிடைக்கும். முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. தாடையின் பின்புறத்திலிருந்தோ முகவாயிலிருந்தோ எடுப்பார்கள், நிறைய வேண்டுமென்றால் இடுப்பு எலும்பிலிருந்து. உயிருள்ள செல்களோடு வருவதால் வேகமாகச் சேரும், ஆனால் இன்னொரு இடத்தில் வெட்டு, வலி. இரண்டாவது, இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு, எலும்பு வங்கிகளில் பதப்படுத்தியது. மூன்றாவது, மாட்டு எலும்பு. புரதம் முழுவதையும் நீக்கி, தாதுச் சட்டகத்தை மட்டும் வைத்திருப்பார்கள். உலகெங்கும் சைனஸ் லிஃப்டில் மிக அதிகமாகப் பயன்படும் வகைகளில் இது ஒன்று, மெதுவாகத்தான் கரையும் என்பதால் உயரம் நிற்கும். நான்காவது, ஆய்வகத்தில் தயாரித்த செயற்கைப் பொருள், ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் போன்றவை. இதில் எந்த விலங்கும் இல்லை.

சைனஸ் லிஃப்டைப் பொறுத்தவரை செயற்கைப் பொருளும் நன்றாகவே வேலை செய்கிறது. ஏனென்றால் இங்கே நிரப்பும் தூள் ஒரு சட்டகம் மட்டும்தான். புது எலும்பு சைனஸின் சொந்தச் சுவர்களிலிருந்தும் தரையிலிருந்தும் வளர்ந்து அந்தச் சட்டகத்துக்குள் ஏறுகிறது. தோலை மட்டும் தூக்கி நிறுத்தி, ஒரு தூளும் வைக்காமல், தேங்கிய ரத்தத்திலேயே எலும்பு உருவானதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒன்று கவனியுங்கள். தூள் செயற்கையாக இருந்தாலும், மேலே மூடும் கொலாஜன் சவ்வு பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. சைவர்களானாலும் இஸ்லாமியரானாலும் தூளைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சவ்வைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் கேளுங்கள். சவ்வுக்குப் பதிலாக நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி உண்டாக்கும் பிஆர்எஃப் என்ற படலத்தை வைக்கலாம். அந்தப் பயன் அதற்கு உண்டு. மற்றபடி, ரத்தத்தட்டுகளைச் செறிவூட்டிச் சேர்த்தால் எலும்பு பிரமாதமாக வளரும் என்று சொல்லித் தனிக் கட்டணம் போட்டால் நான் தயங்குவேன். முன்பு புழக்கத்தில் இருந்த பிஆர்பி என்ற வகையைச் சேர்த்ததால் சைனஸ் லிஃப்டின் முடிவு மேம்பட்டதாகக் காக்ரேன் தொகுப்பில் தெரியவில்லை.

சர்க்கரை இருப்பதால் செய்யவே கூடாது என்று இல்லை. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7-க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தைரியமாகச் செய்யலாம். 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடச் சொல்வோம். அவசரம் இல்லாத சிகிச்சை இது, மூன்று மாதம் கட்டுப்படுத்திவிட்டு வரலாம். 58 வயதுப் பெண் என்பதால் நான் இன்னொன்றை அழுத்திக் கேட்பேன்: எலும்புத் தேய்மானத்துக்கு ஏதாவது மருந்து எடுக்கிறாரா? வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லும் மாத்திரை, வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகள் எடுப்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. இதை மூட்டுவலி மாத்திரை என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அடிக்கடி சைனஸ் தொந்தரவு வருபவர் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் அதைச் சரி செய்துவிட்டு வர வேண்டும். புகைபிடிப்பவர்களுக்குத் தோல்வி கூடும். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

என்ன தப்பாகலாம்? அதிகம் நடப்பது உள்தோல் கிழிவது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நடக்கும். சின்னக் கிழிசல் என்றால் சவ்வு வைத்து ஒட்டுப்போட்டுத் தொடரலாம். பெரிதாகக் கிழிந்தால் மூடிவிட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி செய்வதுதான் முறை. அப்படி ஒரு டாக்டர் பாதியில் நிறுத்தினால் அவர் மேல் கோபப்படாதீர்கள், சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார். அடுத்தது தொற்று. மூன்று நான்கு நாள் கழித்தும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, ஒரு பக்க மூக்கில் நாற்றத்தோடு சளி, வாயில் கெட்ட சுவை, காய்ச்சல், இதில் ஏதாவது வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். சரியாகச் செய்த இடங்களில் வைத்த இம்ப்ளாண்டுகள் 90 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நிற்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கடைப்பிடிக்க வேண்டியதில் பாதி மூக்கைப் பற்றியது. இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, துடைத்துக்கொள்ளலாம். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். யோகா செய்பவர் என்றால் கபாலபாதி, பஸ்திரிகா, ஜலநேதி எதுவும் வேண்டாம், டாக்டர் சொல்லும்வரை. விமானப் பயணத்தையும் கொடைக்கானல் மாதிரி மலைப் பயணத்தையும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். தலையை உயர்த்தி, இரண்டு தலையணை வைத்துப் படுப்பது நல்லது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், கண்ணுக்குக் கீழே நீலம் பாயலாம். முன்கூட்டியே தெரிந்தால் கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட மாட்டார். மூக்கிலிருந்து முதல் ஓரிரு நாள் லேசாக ரத்தம் கசிவதும், ஒன்றிரண்டு துகள் வருவதும் உண்டு. குழைந்த சாதம், ஆறிய ரசம், இட்லி, மற்ற பக்கமாக மெல்ல வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் டாக்டர் சரிசெய்து தரும்வரை அந்த இடத்தில் அழுத்தும்படி மாட்டக் கூடாது.

அப்புறம் காத்திருப்பு. செயற்கைத் தூளோ மாட்டு எலும்போ என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம். வெளியே ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், இந்த நேரத்தில்தான் எலும்பு மெல்ல உள்ளே ஏறுகிறது. சீக்கிரம் முடிக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். இம்ப்ளாண்டுக்கு முன் இன்னொரு ஸ்கேன், வைத்த பின் அது எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம், கடைசியில் கேப். மொத்தம் ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்று அம்மா சொன்னால் அதையும் மதிக்கலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைசர் 1981-இலேயே எழுதியதுபோல, முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால் பெரிய கடைவாய்ப் பற்கள் இல்லாமலும் பலர் நிறைவாகச் சாப்பிடுகிறார்கள். ஒரே சிக்கல், மேலே எதிர்ப்பல் இல்லாததால் கீழ்ப்பல் மெல்ல எழும்பி வரலாம், வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் உறுதியான பல் இருந்தால் பிரிட்ஜ் போடலாம். ஆனால் அம்மாவுக்குப் போனவை வரிசையின் கடைசிப் பற்கள் என்றால் பின்னால் தாங்கப் பல் இல்லை, அது சரிவராது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்போது மேல் கடைவாய்ப் பல் எடுக்கப் போகிறார்கள் என்றால், எடுக்கும் அன்றே குழியில் தூள் வைத்து எலும்பைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கரைவதை முழுக்க நிறுத்தாது, கணிசமாகக் குறைக்கும்.

செலவைப் பொறுத்தவரை, பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதே சிகிச்சை பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும், நேரம் அதிகம் எடுக்கும். எங்கே செய்தாலும் தொகையைப் பிரித்து எழுதி வாங்குங்கள்: தூள், சவ்வு, அறுவை சிகிச்சை, இம்ப்ளாண்ட், கேப் தனித்தனியாக, ஸ்கேன்கள் உள்ளடக்கமா என்பதும். தூள் குப்பியிலும் இம்ப்ளாண்ட் பெட்டியிலும் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சடித்த சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் ஒரு பிரதியை அம்மாவின் சிகிச்சை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால், அங்கே இருக்கும் டாக்டர் சரியான திருகை வரவழைக்க அந்த ஸ்டிக்கர்தான் வேண்டும்.